ஒட்டுப் போடாத பதிப்பு

விஞ்ஞானிகள் எழுதும் மென்பொருளைப் போல அலங்கோலமான வஸ்து உலகத்தில் வேறு கிடையாது என்பது பொட்டலக்காரியின் தீர்மானமான அபிப்பிராயம். ஆளுக்கொரு பட்டம், ஆளுக்கொரு மூக்குக்கண்ணாடி, மேடையேறினால் பிரபஞ்சத்தையே பிட்டுப் பிட்டு வைக்கிற வாய். எழுதின நிரலை இன்னொருத்தர் கணினியில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், முழி பிதுங்கிவிடும். "என் கம்ப்யூட்டர்ல ஓடுதே" என்பார்கள். ஓடாமல் என்ன செய்யும்? அவர்கள் வீட்டு நாய் அவர்களைப் பார்த்து வாலாட்டுகிறது என்பதற்காக ஊரில் எல்லோரையும் பார்த்து வாலாட்டிவிடுமா?

இந்த லட்சணத்தில் கிடக்கிற நிரல்களை நாலு பேர் உபயோகிக்கிற மாதிரி ஆக்குவதற்கென்றே இணையத்தில் ஒரு பொதுச் சேனல் இருந்தது. தன்னார்வலர்கள் நடத்துவது. சம்பளமும் கிடையாது, சால்வையும் கிடையாது. யாராவது ஒருத்தர் மெனக்கெட்டு உட்கார்ந்து, இந்த மென்பொருளுக்கு எந்தெந்தத் துணை நிரல்கள் வேண்டும், எப்படிக் கட்ட வேண்டும், கட்டினது ஒழுங்காக ஓடுகிறதா என்று எப்படிச் சோதிக்க வேண்டும் என்றெல்லாம் ஒரு செய்முறை எழுதிப் போட வேண்டும். அதற்கப்புறம் சேனலின் இயந்திரங்களே எல்லா வகைக் கணினிக்கும் தனித்தனியாகக் கட்டி, பேக்கேஜாக்கி அடுக்கி வைத்துவிடும். வேண்டியவர்கள் ஒரு வரி தட்டினால் போதும், இறங்கி உட்கார்ந்து ஓடும். அந்தச் செய்முறைகளைப் பராமரிக்கிறவர்களில் பொட்டலக்காரியும் ஒருத்தி. பகலில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் தரைத்தளத்தில், ஜன்னல் இல்லாத கணினி அறையில் வேலை. சர்வர்களுக்குப் போட்ட குளிரில் வருஷம் பூராவும் கம்பளிச் சட்டையோடுதான் உட்கார்ந்திருப்பாள்.

பொட்டலக்காரி என்று பெயர் வைத்தது அவளுடைய அத்தான். அக்காவின் கணவர். அதே நிலையத்தில் மூன்றாம் மாடி, தண்ணீர் ஆய்வுப் பிரிவின் தலைவர், கண்ணாடிக் கதவு, கதவில் பித்தளைப் பலகை. பேக்கேஜ் என்றால் பொட்டலம், அதைக் கட்டுகிறவள் பொட்டலக்காரி என்று ஒருநாள் விருந்தாளிகள் முன்னால் அவர் சொல்ல, அக்கா விழுந்து விழுந்து சிரிக்க, பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது அலுவலகத்தில் கடைநிலை ஊழியர் வரைக்கும் அப்படித்தான். அவளும் விட்டுவிட்டாள். கொம்பு முளைத்தவர்களோடு முட்டிக்கொண்டிருக்க யாருக்கு நேரம்?

அத்தானுக்குக் கொம்பு முளைத்ததே ஒரு மென்பொருளால்தான். கிணற்று நீரின் அளவீடுகளைக் கொடுத்தால், எந்தப் பகுதித் தண்ணீரில் ஃப்ளோரைடு எவ்வளவு என்று வரைபடம் போட்டுத் தரும். ஃப்ளோரைடுக்கு நிறமும் இல்லை, ருசியும் இல்லை. அளவு மீறினால் பல்லில் கறை ஏறும், வருஷக்கணக்காகக் குடித்தால் எலும்பையே முறுக்கிவிடும். நாக்கு கண்டுபிடிக்காததை அவருடைய மென்பொருள் கண்டுபிடித்துச் சொல்லும். அப்படித்தான் ஊரெல்லாம் பேச்சு. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம் என்று மூலநிரலைப் பொதுவில் வைத்திருந்தார். தாராள மனசு என்று நினைத்துவிட வேண்டாம். அப்படி வைத்தால்தான் ஆராய்ச்சி நிதி கிடைக்கும்.

அதைச் சேனலில் ஏற்றினது பொட்டலக்காரிதான். ஏற்றும்போது சோதனைக்காகச் சின்னதாக ஓர் அளவீட்டுக் கோப்பு செய்தாள். ஒரே கிணறு, மூன்று அளவீடு. அதில் ஒன்று, கருவி பழுதானபோது எழுதியது. கருவி பழுதானால் மைனஸ் 999 என்று எழுதும். அதாவது, 'நான் அளக்கவில்லை, இதைக் கணக்கில் சேர்க்காதே' என்று பொருள். அத்தானின் நிரலிலும் மைனஸ் 999 இருந்தால் தள்ளிவிடு என்று ஒரு வரி இருக்கத்தான் இருந்தது. ஆனால் அந்த மகானுபாவர் முதலில் எல்லா எண்களையும் ஆயிரத்தால் வகுத்து அலகை மாற்றிவிட்டு, அதற்கப்புறம் போய் மைனஸ் 999ஐத் தேடிக்கொண்டிருந்தார். வகுத்த பிறகு அது எங்கே இருக்கும்? கிட்டத்தட்ட மைனஸ் ஒன்றாகச் சுருங்கி, யோக்கியன் மாதிரி மற்ற எண்களோடு உட்கார்ந்திருக்கும். சராசரியைக் கீழே இழுத்துவிடும். இரண்டுக்கு மேல் வர வேண்டிய கிணறு ஒன்று என்று வரும். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் குடிக்கலாம் என்பது விதி. ஆகவே கெட்ட தண்ணீர் நல்ல தண்ணீராகிவிடும். விடையும் பார்ப்பதற்கு நம்பும்படியாக இருப்பதால் ஒருத்தருக்கும் சந்தேகம் வராது.

இரண்டு வரியை மேலும் கீழுமாக மாற்றிப்போட்டால் தீர்ந்தது. மாற்றி, விளக்கம் எழுதி, மூலநிரல் பக்கத்தில் அத்தானுக்கு அனுப்பினாள். அவர் ஒரே வரியில் பதில் போட்டு மூடினார்: 'பொட்டலம் கட்டுகிறவர்கள் பொட்டலத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.' ஊர் உலகம் பார்க்கிற பக்கத்தில்! அதற்கு அவருடைய சீடகோடிகள் சிரிப்புப் படங்கள் வேறு ஒட்டியிருந்தார்கள்.

சேனலில் இதற்கும் ஒரு வழி உண்டு. எழுதினவர் திருத்தத்தை ஏற்காவிட்டால், அதைப் பேட்ச் என்று ஒரு சின்ன ஒட்டாகச் செய்முறையோடு வைத்துவிடலாம். இயந்திரம் கட்டுவதற்கு முன் அந்த ஒட்டைப் போட்டுவிட்டுத்தான் கட்டும். ஒளிவுமறைவு எதுவும் இல்லை, திறந்து பார்க்கிற எவருக்கும் தெரியும். திறந்து பார்ப்பவர்தான் எவரும் இல்லை. அவள் அப்படியே வைத்தாள். அன்றிலிருந்து சேனல் வழியாக இறக்கினவர்கள் அத்தனை பேருக்கும் சரியான விடை வந்தது. வராதது ஒருத்தருக்குத்தான். எழுதினவர் சேனல் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார். தன் கையால் கட்டின பதிப்பைத்தான் தன் கணினியில் ஓட்டுவார்.

இது அவளுக்குத் தெரியும். தெரிந்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். உலகத்துக்கெல்லாம் சரியாக ஓடுகிற அத்தானின் மென்பொருள் அத்தானுக்கு மட்டும் தப்பாக ஓடுகிறது. இதைவிட ருசியான சமாச்சாரம் உண்டா? போட்டுக்கொண்டு திரியட்டும் தப்புக் கணக்கை! நாம் சொல்லியாயிற்று, கேட்கவில்லை, நமக்கென்ன வந்தது? மறுவருஷம் அவர் ஏதோ பெரிய கட்டுரை வெளியிட்டு, அதற்குப் பரிசெல்லாம் கொடுத்தார்கள். அவள் அதைப் படிக்கக்கூட இல்லை. அவருடைய எழுத்தைப் படிப்பதைவிடச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

அப்புறம் வருஷங்கள் ஓடின. ஒரு வெள்ளிக்கிழமை, சேனலில் அந்த மென்பொருளின் பக்கத்தில் யாரோ ஒரு கேள்வி போட்டிருந்தார்கள். 'சேனலிலிருந்து இறக்கி ஓட்டினால் கால்வாய்க்குத் தெற்கே உள்ள கிணறுகளில் ஃப்ளோரைடு அதிகமாக வருகிறது. அதே அளவீடுகளை என் வழிகாட்டியின் கணினியில் ஓட்டினால் குறைவாக வருகிறது. எது சரி?' பொட்டலக்காரிக்கு அன்று ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது. இந்த மாதிரி ஆசாமிகளை அவளுக்கு நன்றாகத் தெரியும். நாலு பதிப்பை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, கடைசியில் சேனல் தலையில் பழியைப் போடுவார்கள். 'எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுக. அதற்கு முன் வழிகாட்டுக் குறிப்பைப் படிக்கவும்' என்று எழுதி மூடினாள். மூடுகிற பொத்தானை அழுத்துவதில் அவளுக்கு எப்போதுமே ஒரு தனிச் சுகம்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அக்கா வீட்டில் என்பது வழக்கம். அத்தான் மேசையின் தலைப்பக்கத்து நாற்காலியில், புதிதாக வாங்கின சட்டையில், உலகத்துக்கே தீர்ப்புச் சொல்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். நிலையத்தின் இயக்குநர் ஓய்வுபெறப் போகிறார். அடுத்தது இவர்தான் என்று பேச்சு. பேச்சைக் கிளப்பினதும் இவர்தான்.

"என்னம்மா பொட்டலம், இந்த வாரம் எத்தனை கட்டின?"

"உங்களோடதையும் சேர்த்துத்தான் அத்தான். கட்டாம விட்டா சிந்திடுது."

"கூலிக்கு மாரடிக்கிறவங்களப் பார்த்திருக்கேன். கூலியே இல்லாம மாரடிக்கிறவ நீ ஒருத்திதான்" என்று சிரித்தார். அக்காவும் கூடவே சிரித்தாள். அவர் தும்மினாலும் சிரிக்கிற பிறவி அது.

அப்புறம் அவர் தன் ஆராய்ச்சி மாணவி ஒருத்தியைப் பற்றி ஆரம்பித்தார். "ஒரு பொண்ணு வந்து சேர்ந்திருக்கு பாரு என்கிட்ட, மண்டையில ஒண்ணுமே இல்ல. நான் நல்ல தண்ணின்னு பேப்பர் போட்ட ஏரியாவுல போய் கிணறு கிணறா மறுபடி அளந்து, எல்லாம் கெட்ட தண்ணின்னு மேப் போட்டு எடுத்துக்கிட்டு வருது. அதே டேட்டாவ என் மெஷின்ல போட்டா சரியா வருது. அப்போ என்ன அர்த்தம்?"

"கணக்குத் தெரியலன்னு அர்த்தம்" என்றாள் பொட்டலக்காரி, மீனில் முள்ளை எடுத்துக்கொண்டே. "இப்ப வர்றதுங்க எல்லாம் அப்படித்தான்."

"கணக்குத் தெரியாதது இல்லம்மா. எங்கேயோ நம்பரத் திரிச்சிருக்கு. பெரிய ஆளோட பேப்பரத் தப்புன்னு சொன்னா பேர் வாங்கலாம்னு ஆசை. வியாழக்கிழமை கமிட்டி கூடுது. பொய் டேட்டான்னு எழுதி ரெஜிஸ்ட்ரேஷனையே கேன்சல் பண்ணிடப் போறேன். கால்வாய்க்குத் தெற்கே பூரா விஷமாம், கேட்டுக்கோ!"

கால்வாய்க்குத் தெற்கே என்றதும் அவள் கை நின்றது. வெள்ளிக்கிழமை அவள் மூடின கேள்வி! சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. அந்தப் பெண் சேனலிலிருந்து இறக்கியிருக்கிறாள், ஒட்டுப் போட்டது. இவர் தன்னுடையதை ஓட்டுகிறார், ஒட்டுப் போடாதது. இத்தனை வருஷமாகியும் இந்த மனுஷர் அந்த இரண்டு வரியை மாற்றவே இல்லை!

"அத்தான், நீங்க இப்போ எந்தப் பதிப்ப ஓட்டுறீங்க?"

"என்னோடத ஓட்டுறேன். நான் பெத்த பிள்ளைய உன்கிட்ட வந்து வாங்கிக்கிட்டுப் போகணுமா?"

அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. தண்ணீரைக் குடித்து அடக்கினாள். சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஊஹும். எதற்குச் சொல்ல வேண்டும்? வியாழக்கிழமை கமிட்டியே கூடட்டும், வாயெல்லாம் பல்லாக இவர் போய் உட்காரட்டும், அவர்கள் சேனலிலிருந்து இறக்கி ஓட்டிப் பார்க்கட்டும், எல்லார் முன்னாலும் மூக்கு உடைபடட்டும். அந்தக் காட்சியைக் கற்பனை பண்ணிக்கொண்டே இன்னும் ஒரு துண்டு மீன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அந்த மாணவி அவள் நினைப்பில் எங்குமே இல்லை.

திங்கட்கிழமை காலையில் மாணவியே நேரில் வந்து நின்றாள். கணினி அறைக் கதவைப் பாதி திறந்து, உள்ளே வராமல், தோளில் பெரிய பையோடு நின்றாள். ஆள் ஒல்லி. குளிர்காற்று முகத்தில் அடித்ததும் பையை முன்னால் இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

"மேடம், சேனல் பேக்கேஜ் பத்தித் தெரிஞ்சவங்க இங்க யாராவது இருக்காங்களா? தண்ணி டிவிஷன்ல யாருக்கும் தெரியல."

"என்ன வேணும்?"

"ஒரே டேட்டா, ரெண்டு ரிசல்ட் வருது. சேனல்ல கேட்டுப் பார்த்தேன். யாரோ ஒரு திமிர் பிடிச்ச ஆளு, அழிச்சுட்டுப் போடு, குறிப்பப் படின்னு எழுதிட்டு மூடிட்டாரு. படிச்சுட்டுத்தான் மேடம் கேட்டேன். நாலு தடவ அழிச்சுப் போட்டும் அதேதான் வருது. சரியான முசுடு போல."

"அந்த முசுடு நான்தான்" என்றாள் பொட்டலக்காரி. "உள்ள வா. கதவச் சாத்து."

மாணவியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஆனால் ஓடவில்லை, வந்து உட்கார்ந்தாள். பொட்டலக்காரி செய்முறையைத் திறந்து ஒட்டைக் காட்டினாள். வகுத்தல் எங்கே, தேடல் எங்கே, மைனஸ் 999 எங்கே காணாமல் போகிறது என்று விரல் வைத்துக் காட்டினாள். மாணவி ஒருமுறை படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"அப்போ நான் திரிக்கல."

"திரிக்கல. உன் மேப் சரி. அவரோடதுதான் தப்பு."

அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "சார் பொய் டேட்டான்னு எழுதிட்டா வேற எங்கயும் சேர்த்துக்க மாட்டாங்க மேடம். என் படிப்பே அதோட போச்சு. எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சு. ராத்திரி தூக்கமே இல்ல. நான்தான் எங்கயோ தப்புப் பண்றேன்னு நெனச்சு நெனச்சு, எல்லா கிணத்தையும் திரும்பப் போய் அளந்தேன்."

பொட்டலக்காரிக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. சங்கடம் அவளுக்குப் பழக்கமில்லாத சரக்கு. அதனால் அதைக் கோபமாக மாற்றிக்கொண்டு எழுந்தாள். "வா மேல போலாம். அந்தப் பெரிய மனுஷன் மூஞ்சிக்கு நேரா ரெண்டையும் ஓட்டிக் காட்டுறேன்."

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், பரிசுக் கேடயங்கள் அடுக்கின அலமாரிக்கு முன்னால், இரண்டு பதிப்பையும் ஓட்டிக் காட்டினாள். அத்தான் திரையைப் பார்த்தார். மனுஷருக்கு மூளை இல்லை என்று சொல்லக் கூடாது, உடனே புரிந்துகொண்டார். கழுத்திலிருந்து சிவப்பு மேலே ஏறினது தெரிந்தது. இப்போதாவது வாயைத் திறந்து 'தப்பு என்னோடது' என்று சொல்வார் என்று அந்த அப்பாவிப் பெண் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த பேட்ச யார் போட்டது?" என்றார்.

"நான்தான். உங்களுக்கும் அனுப்பினேன். நீங்கதான் மூடினீங்க."

"அதாவது என்னைக் கேக்காம என் சாஃப்ட்வேர்ல கை வெச்சு, என் பேர்லயே ஊருக்கெல்லாம் குடுத்துக்கிட்டு இருக்க."

"யார் வேணாலும் மாத்திக்கலாம்னு நீங்கதான அத்தான் எழுதி வெச்சிருக்கீங்க?"

"ஆபீஸ்ல அத்தான் கித்தான் வேண்டாம். நான் எழுதினது ஒண்ணு, சேனல்ல இருக்கறது ஒண்ணு. அப்போ தப்பு சேனல்லதான். நான் வெளியிட்ட ரிசல்ட் நான் எழுதின கோட்ல இருந்து வந்தது." மாணவியின் பக்கம் திரும்பினார். "கலப்படம் பண்ணின பேக்கேஜ ஓட்டியிருக்க. வெளிய போ."

அடடா, என்ன நியாயம், என்ன நியாயம்! தப்பு என்று தெரிந்த ஒரு நிமிஷத்துக்குள் அதை உரிமைப் பிரச்சினையாக்கிவிட்டார். இதற்குத்தான் இத்தனை பட்டம் வாங்கினது போலிருக்கிறது.

அதோடு விட்டாரா? ஒரு மென்பொருளை எழுதினவரே வந்து, நானும் செய்முறையைப் பராமரிக்கிறேன் என்று கேட்டால் சேனலில் மறுபேச்சுப் பேசாமல் சேர்த்துக்கொள்வார்கள். அது அங்கே மரியாதை. இத்தனை வருஷம் எட்டிப் பார்க்காத மனுஷர் அன்று மாலையே உதவியாளரை ஏவி உள்ளே நுழைந்தார். செய்முறையிலிருந்து ஒட்டைப் பிடுங்கி எறிந்தார். ஒட்டு இல்லாமல் கட்டினதும் பொட்டலக்காரி வைத்த சோதனை தோற்றுச் சிவப்பு விளக்கு எரிந்தது. நிரலைத் திருத்தினாரா? சோதனையையும் பிடுங்கி எறிந்தார். இயந்திரத்துக்கு என்ன தெரியும், பச்சை விளக்கைப் போட்டுப் புதுப் பதிப்பை அடுக்கி வைத்துவிட்டது. இனி எவர் இறக்கினாலும் கெட்ட தண்ணீர் நல்ல தண்ணீர்தான். வியாழக்கிழமை கமிட்டி சேனலிலிருந்து புதிதாக இறக்கி ஓட்டிப் பார்க்கும். அத்தானின் விடைதான் வரும். மாணவி பொய்க்காரி.

செவ்வாய்க்கிழமை அக்கா போன் செய்தாள்.

"ஏன்டி, உனக்கு என்னதான் வேணும்? நாற்காலி கைக்கு வர்ற நேரத்துலயா உன் வீம்பக் காட்டணும்? அவரு ராத்திரி சாப்பிடவே இல்ல."

"ஒரு பொண்ணோட படிப்பு போகுதுக்கா."

"யாரோ ஒரு பொண்ணு! அவளா நாளைக்கு உனக்கு வந்து நிக்கப் போறா? அவரு எழுதினத அவரு மாத்துறாரு. நடுவுல உனக்கு என்ன போச்சு? நீ கட்டிக் குடுக்கிறவ, கட்டிக் குடுத்துட்டுப் போ."

"சரிக்கா" என்று வைத்தாள். சரியாவது ஒன்றாவது. அக்கா சொன்ன கடைசி வாக்கியம் காதில் குடைந்தது. கட்டிக் கொடுத்துவிட்டுப் போவதாம்!

சேனலில் ஒருமுறை ஏறின பேக்கேஜை யாரும் அழிக்க முடியாது. ஆனால் 'உடைந்தது' என்று முத்திரை குத்தலாம். குத்திவிட்டால் தேடுகிறவர் கண்ணில் அது படாது, முந்தின நல்ல பதிப்புதான் இறங்கும். அதற்குக் காரணத்தை எல்லோரும் பார்க்கிறபடி எழுத வேண்டும், சேனலின் மையக் குழுவில் ஒருத்தர் ஒப்புதல் தர வேண்டும். பெரிய மனிதர்களின் மென்பொருளுக்கு அந்த முத்திரையைக் கேட்க யாரும் துணிவதில்லை. பொட்டலக்காரி கேட்டாள். ஒரே கிணறு, மூன்று அளவீடு, ஒட்டுப் போட்டால் என்ன விடை, போடாவிட்டால் என்ன விடை. பழைய பேட்சுக்கு அவர் எழுதின ஒற்றை வரிப் பதிலையும் கூடவே ஒட்டினாள். அவ்வளவுதான். திட்டி எழுதுவதற்கு நாக்கு துடித்தது. அதை மட்டும் எப்படியோ அடக்கினாள்.

புதன்கிழமை மத்தியானம் மையக் குழுவிலிருந்து முகம் தெரியாத யாரோ ஒருத்தர், ஒரு கட்டைவிரல் படத்தோடு ஒப்புதல் தந்தார். உடைந்தது என்று முத்திரை விழுந்தது. அதற்குள் உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள் வந்து, தாங்களும் ஓட்டிப் பார்த்ததாகவும் அவள் சொல்வது சரிதான் என்றும் கீழே வரிசையாக எழுதியிருந்தார்கள். இனி மூடி மறைக்க வழியில்லை.

வியாழக்கிழமை அவள் கமிட்டியின் பக்கம் போகவில்லை. போக அழைப்பும் இல்லை. சாயங்காலம் அக்காதான் மறுபடி போன் செய்தாள். குரலில் சர்க்கரை வழிந்தது.

"தெரியுமாடி? கமிட்டியில அவருக்குக் கைதட்டினாங்களாம்!"

"எதுக்கு?"

"அவரே எழுந்திருச்சு சொன்னாராம். எங்க குழு ரொம்ப நாளா சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்த ஒரு நுணுக்கமான தப்ப, என் மாணவிய விட்டு மறுபடி அளக்க வெச்சு இப்போ உறுதி பண்ணிட்டோம், பழைய பேப்பர நானே திருத்தப் போறேன்னு. தன் தப்பத் தானே ஒத்துக்கிற மனசு யாருக்கு வரும், சொல்லு? டைரக்டர் போஸ்ட் நிச்சயம்கிறாங்க."

பொட்டலக்காரி போனை வைத்துவிட்டு, ஜன்னல் இல்லாத அந்த அறையில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். இந்த மனுஷரைக் குப்புறத் தள்ளிவிட்டாலும் மண்ணில் புதையல் தேடினதாகச் சொல்லிக்கொண்டு எழுந்திருப்பார். போகட்டும். அந்தப் பெண் தப்பித்தாள். அது தன் கையால் நடந்தது. யாருக்குத் தெரியாவிட்டாலும் அந்தப் பெண்ணுக்குத் தெரியும். இரண்டு வார்த்தை நன்றி சொல்ல வருவாள், வந்தால் அந்த முசுடு விஷயத்தைச் சொல்லிக் கொஞ்சம் சீண்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

வந்தாள். அதே பை. இந்த முறை கதவை முழுசாகத் திறந்து உள்ளே வந்தாள்.

"ரெஜிஸ்ட்ரேஷன் இருக்கு மேடம். கேன்சல் பண்ணல."

"கேள்விப்பட்டேன். உங்க சாரோட பெருந்தன்மையப் பத்தியும் கேள்விப்பட்டேன்." பொட்டலக்காரி சிரித்தாள். மாணவி சிரிக்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும். அந்த பேட்ச் ஃபைல்ல தேதி பார்த்தேன். சாரோட பேப்பர் வர்றதுக்கு முந்தின வருஷம் போட்டது."

"ஆமா. அப்பவே சொன்னேன் அந்த ஆளுகிட்ட. எவ்ளோ திமிரா பதில் போட்டிருக்கார்னு பார்த்தியா?"

"பார்த்தேன். அதுக்கப்புறம் நீங்க யார்கிட்டயும் சொல்லலியா?"

"யார்கிட்ட சொல்றது? அவரே கேக்கல. தப்பாவே ஓட்டிக்கிட்டுக் கிடக்கட்டும்னு விட்டுட்டேன்."

மாணவி பையின் பட்டையை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். "எங்க வீடு கால்வாய்க்குத் தெற்கே மேடம். முன்னாடி எங்க தெருவுக்குத் தண்ணி லாரி வரும். சாரோட பேப்பர் வந்ததும், கிணத்துத் தண்ணியே நல்ல தண்ணிதான்னு சொல்லி லாரிய நிறுத்திட்டாங்க. அப்போ எங்க அக்கா பையனுக்கு ரெண்டு வயசு. இப்போ பால் பல்லு விழுந்து புதுப் பல்லு வருது. வரும்போதே கறையோடதான் வருது. அதப் பார்த்துட்டுத்தான் நான் இந்த ஆராய்ச்சிக்கே வந்தேன்."

பொட்டலக்காரிக்கு எதற்கும் உடனே ஒரு பதில் உண்டு. நாக்கு நுனியில் எப்போதும் ஒன்று தயாராக இருக்கும். இப்போதும் ஒன்று இருந்தது. அவர் கேட்கவில்லை என்று இன்னொரு முறை சொல்லலாம். சொல்லாமல், பேட்ச் கோப்பைத் திறந்து அதன் தேதியைப் பார்த்தாள்.

"சார் மேல எனக்குக் கோபம்தான்" என்றாள் மாணவி. குரலை உயர்த்தவே இல்லை. "ஆனா பேப்பர் போடும்போது அவருக்கு அது தப்புன்னு தெரியாது மேடம். உங்களுக்குத் தெரியும்."

பொட்டலக்காரி எழுந்து, பக்கத்து நாற்காலியில் கிடந்த தன் பொருட்களை எடுத்துக் கீழே வைத்தாள். நாற்காலியை அவள் பக்கமாக நகர்த்திவிட்டாள். மாணவி உட்காரவில்லை.